சாளைக்கு முதலில் வருவது எது: கோழியா, நாயா, ஆடா, மாடா?

போன தை மாதம் தங்கச்சி மாப்பிள்ளை பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். வெள்ளகோயிலுக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மேட்டாங்காடு, ஒரு கிணறு, நாற்பது தென்னை, அவருடைய அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டுச் சாளை. தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு எனக்குப் போன் போட்டார்.

"ஏனுங் மச்சான், ஒரு மாடு, நாலு ஆடு, பத்துக் கோழி, ஒரு நாய் வாங்கிப் போடலாம்னு இருக்கறனுங்க. ஒரே வாரத்துல முடிச்சிரலாமுங்களா?"

வாங்குவது ஒரு வாரத்தில் முடிகிற காரியம்தான். விற்பதும் அப்படித்தான். இப்படி ஊர் திரும்பியவர்கள் எங்கள் பக்கம் நாலைந்து வீடு உண்டு. முதல் மாதம் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்தபடி வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். ஆறாவது மாதம் போய்ப் பார்த்தால் மாடு கட்டுகிற கட்டுத்தரையில் முளைக்குச்சி மட்டும் நிற்கும்.

நான் திருப்பிக் கேட்டேன்: "ரெண்டு நாள் கோயமுத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனா சாளையில யாருங்க மாப்பிளை இருப்பாங்க?" அந்தப் பக்கம் சத்தமில்லை.

மாடு வாங்குகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு பால், எவ்வளவு செலவு, என்ன மிஞ்சும் என்று ஒப்பிடுகிறார்கள். பிழைப்புக்கு வளர்ப்பவர்களுக்கு அது சரி. மாப்பிள்ளை மாதிரி ஆசைக்கு வளர்ப்பவர்கள் முதலில் ஒப்பிட வேண்டிய கணக்கு வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு எத்தனை பொழுது வெளியே போகலாம்? தண்ணீரும் தீனியும் வைத்து, கோழி அடைக்கிற கொடாப்பைத் திறந்து மூட ஒரு ஆளிடம் சொல்லிவிட்டால் கோழி இரண்டு நாள் தாங்கும். நாய் ஒரு பகல் தாங்கும். ஆட்டைப் பொழுதோட பட்டியில் அடைக்க ஆள் வேண்டும். கறவை மாடு என்றால் காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும், சொந்தத் தங்கச்சி கல்யாணமாகவே இருந்தாலும். மேய்க்காமல் கெட்டது மாடு, பார்க்காமல் கெட்டது பயிர் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதனால் கோழியில் தொடங்கச் சொன்னேன். பத்து வேண்டாம், ஐந்து பெட்டை, ஒரு சேவல். அதுவும் நாட்டுக்கோழியில் சின்ன ரகமான சிறுவிடை. பெருவிடைச் சேவல் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் பக்கத்துத் தோட்டத்துச் சேவலோடு தினமும் வம்பு. சிறுவிடைப் பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்ததும் அவயத்துக்கு (அடைக்கு) உட்கார்ந்துவிடும், குஞ்சுகளையும் நன்றாகக் காப்பாற்றும். அதை அடைகாக்க விட்டால் வருஷத்துக்கு அறுபது முட்டை வந்தாலே நல்ல பெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பண்ணைக் கோழியின் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வருத்தப்படுவதில் பயனில்லை. அது கூண்டுக்குள் இருந்து முந்நூறு முட்டை வைக்கிற இனம்.

அந்த அறுபது முட்டைக்கு மேல் கோழி கொடுப்பது ஒன்று உண்டு. எங்கள் கருப்புப் பெட்டை ஒரு வாரமாக முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சோளத்தட்டுப் போரின் பின்பக்கம், மாட்டுக்குத் தட்டு உருவி உருவிப் பொந்து மாதிரி ஆன இடத்தில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் உடம்பை இரண்டு பங்கு உப்பிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல். அடியில் பதின்மூன்று முட்டை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். இருபத்தோராம் நாள் விடிகாலையில் முட்டைக்குள்ளிருந்தே கீச்சுச் சத்தம். முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தது. அலகு நுனியில் உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஓட்டை உடைக்க அதுதான் ஆயுதம், இரண்டொரு நாளில் தானே உதிர்ந்துவிடும். ஐம்பது வருஷம் தோட்டத்தில் கிடந்தும் அதை நான் கவனித்ததே இல்லை. என் பெண்தான் காட்டினாள்.

பதின்மூன்றில் பதினொன்று பொரித்து, ஒரு மாதத்தில் ஆறு மிஞ்சியது. பருந்து இரண்டு, கீரி மூன்று. இந்தக் கணக்கு மனதுக்கு ஒத்துவராதவர்கள் முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சுகளையும் கொடாப்புக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய எமன் வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழி நோய். வந்தால் இரண்டு நாளில் கொடாப்பே காலி. பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரம் றெக்கைக்குக் கீழே ஒரு ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்கென்றே முகாம் போடும். 'நாட்டுக்கோழிக்கு எதுக்கு ஊசி' என்று பேசுகிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டுக் கொடாப்பை எட்டிப் பாருங்கள், போதும்.

அடுத்து நாய். காட்டுக்குள் தனிச் சாளை என்றால் நாய் இல்லாமல் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் இந்தப் பக்கம் நாய் வளர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. காங்கேயம், வெள்ளகோயில், சென்னிமலை வட்டாரத்தில் சில வருஷங்களாக நாய்க் கூட்டம் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிறது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில் ஒரே ராத்திரியில் ஒன்பது. காலையில் போய்ப் பார்த்தேன். ஒன்றைக்கூடத் தின்னவில்லை, எல்லாம் தொண்டையிலும் தொடையிலும் கடி. மூங்கில் படலுக்கு அடியில் ஒரு சாண் அளவுக்கு மண்ணைப் பறித்து நுழைந்திருந்தன. பட்டிக்கார அம்மா அழவில்லை. கிழிந்த காதோடு உயிரோடு கிடந்த ஒரு குட்டிக்கு மஞ்சளை அப்பிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கூட்டத்தில் தெருநாய் மட்டும்தான் இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பகலெல்லாம் வீட்டில் சோறு தின்றுவிட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால் கூட்டத்தோடு சேர்கிற வீட்டு நாய்களும் உண்டு. அப்படி உங்கள் நாய் ஒரு முறை பேர் வாங்கிவிட்டால் பொழி (வரப்பு) ஓரத்தில் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோகும். ஆகவே நாய் என்று முடிவு செய்தால் சுற்றிலும் கம்பி வேலி முதலில். அப்புறம் குட்டி. கருத்தடையும் செய்துவிடுவது நல்லது, ஊர் சுற்றுவது பாதி குறையும்.

எந்த நாய்? மாப்பிள்ளை ராஜபாளையம்தான் வேண்டும் என்றார். நல்ல காவல் நாய்தான். ஆனால் அந்த வெள்ளை இனத்தில் காது கேளாமலே பிறக்கிற குட்டிகள் உண்டு. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே பிறந்தது, மூன்று ஏக்கரும் அதற்குப் பத்தாது. தடித்த மயிர்க்காரச் சீமை நாய்களைச் சித்திரை வெயிலில் இங்கே வைத்திருப்பது பாவம். என் ஓட்டு ஊர் நாய்க்குட்டிக்குத்தான். எங்கள் 'மணி' பஸ் ஸ்டாப்பில் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் இருந்தது, ஒரு கோழியைத் தொட்டதில்லை. குட்டியிலேயே கோழிகளோடு பழக்கினால்தான் அப்படி வரும். வளர்ந்த நாயைக் கொண்டுவந்து கோழிக்கு நடுவில் விட்டால் முதல் நாளே தெரிந்துவிடும்.

மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். இதில் மட்டும் சால்ஜாப்பு வேண்டாம். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எல்லாம் இன்னமும் வைக்கிறார்கள், அதெல்லாம் கூடாது.

ஆடு விஷயத்தில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் வாதம். அவர் வெள்ளாடு கேட்டார், நான் செம்மறி சொன்னேன்.

வெள்ளாட்டுக்குட்டி மாதிரி மனிதரை மயக்குவது வேறு இல்லை. திண்ணை மேல் ஏறும், கட்டில் மேல் ஏறும், குனிந்தால் முதுகு மேலும் ஏறும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஆனால் மாப்பிள்ளை புதிதாகக் கொய்யாவும் எலுமிச்சையும் நட்டிருக்கிறார். வெள்ளாடு தழை மேய்கிற பிராணி, முன்னங்காலைத் தூக்கி நின்று ஆளுயரத்துக்குக் கடிக்கும். ஒரு நாள் கயிறு அவிழ்ந்தால் ஒரு வருஷத்துக் கன்று மொட்டை. தோப்பும் வெள்ளாடும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பரண் போட்டு, அகத்தியும் சவுண்டலும் வெட்டிப் போட்டு வளர்க்க வேண்டும். அது ஆசைக்கு வளர்ப்பது இல்லை, அது ஒரு வேலை.

செம்மறி புல் மேய்வது. இந்த மண்ணுக்கென்றே மேச்சேரி ஆடு இருக்கிறது. பழுப்பு நிறம், மயிர் குட்டை, கம்பளி கிடையாது, வெயில் தாங்கும். மாப்பிள்ளை நிலத்துக்குக் கிழக்கே ஒரு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், கிடக்கிறது. தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கம் நம்முடைய சொத்தே கொறங்காடுதான். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை மறைவுப் பூமியில் வெள்ளாமை பொய்த்தாலும் கொறங்காடு ஏதோ கொஞ்சம் கொடுக்கும். அதை வருஷக் குத்தகைக்குப் பிடித்து நாலு மேச்சேரி விட்டால் பகல் முழுக்க அதுபாட்டுக்கு மேயும், ஆள் பின்னால் திரிய வேண்டாம். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பது கொறங்காடு வைத்திருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். பொழுதிறங்கியதும் பட்டிக்குள் அடைத்தாக வேண்டும், நாய்ப் பயம்தான் காரணம். மேச்சேரியில் ஒரு குறை, பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். விளையாட்டும் வெள்ளாட்டுக்குப் பாதி வராது. மழைக்கு முன் துள்ளுமாரி ஊசி, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு ஊசி, குடற்புழு மருந்து. அவ்வளவுதான்.

ஆட்டில் யோசிக்க வேண்டியது வேறொன்று. கிடாய்க்குட்டி பிறந்தால் என்ன செய்வீர்கள்? நாலைந்து கிடாயை ஒரே பட்டியில் வைத்து வளர்க்க முடியாது. விற்க வேண்டும், இல்லை நோம்பிக்கு (பண்டிகைக்கு) வெட்ட வேண்டும். என் பெண் ஆறாவது படிக்கும்போது ஒரு கிடாய்க்குட்டிக்குச் 'செவப்பன்' என்று பேர் வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குத் தனியாகத் தவிடு வைப்பாள். ஆடி நோம்பிக்கு அதைக் குறித்து வைத்திருந்தோம். கடைசியில் ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வேறு கிடாய் வாங்கினோம். செவப்பன் ஏழு வருஷம் சும்மா தின்றுவிட்டுக் கிழடாகிச் செத்தது. பேர் வைப்பதற்கு முன் யோசிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார், தங்கச்சி சிரிக்கவில்லை.

இனி மாடு. எனக்குப் பிடித்ததும் இதுதான், மாப்பிள்ளைக்கு முதலில் வேண்டாம் என்றதும் இதுதான்.

பாலுக்காக என்று மாடு வாங்காதீர்கள் என்பது என் அனுபவம். பத்து வருஷம் முன்பு ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, நேரத்துக்கு ஆறு லிட்டர் கறக்கும் என்று ஒரு கலப்பின மாடு வாங்கினேன். சந்தையில் மடி வெடிக்கிற மாதிரி நின்றது. முதல் நாள் காலைக் கறவையை நிறுத்தி ஓட்டி வந்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் புரிந்தது. நேரத்துக்கு மூன்று லிட்டரைத் தாண்டவில்லை. பல் பார்த்தேன், சுழி பார்த்தேன், துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் பேசினேன், எல்லாம் சரி. இரண்டு வேளை கறந்து பார்க்கவில்லை. மாடு வாங்கப் போனால் சந்தையை விட, வைத்திருப்பவர் கட்டுத்தரைக்கே போய்ச் சாயங்காலமும் மறுநாள் காலையும் கறந்து பார்த்து வாங்குவது நல்லது. கலப்பின மாட்டுக்குக் கலப்புத் தீவனம், பசுந்தீவனம், மடிநோய், வெயிலுக்கு மின்விசிறி என்று செலவு ஓடும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீர் குடிக்கும், கிணறு அதற்குத் தாங்குமா என்று பாருங்கள். எருமை வேண்டுமானால் வைக்கலாம், பால் கெட்டி. ஆனால் படுத்துக் கிடக்கக் குட்டை வேண்டும், மேட்டாங்காட்டில் அதற்கு எங்கே போவது.

காங்கேயம் மாடு என்றால் பேச்சு வேறு. பால் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான், கன்றுக்குப் போகக் காப்பிக்கும் மோருக்கும் ஆகும். தட்டையும் கொழுக்கட்டைப் புல்லையும் தின்று காலம் தள்ளும். வெயில் ஒரு பொருட்டே இல்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறையாக இந்த இனத்தைக் கட்டிக் காத்ததால்தான் இன்று நம் கண்ணில் படுகிறது. கன்று பிறக்கும்போது செங்கல் நிறத்தில் இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு மெல்ல வடிந்து சாம்பலாகும். ஒரே கன்றைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. வெளியூர் போய்விட்டு வந்தால்தான் 'அடே' என்று தோன்றும். சாயங்காலம் கட்டுத்தரையில் தட்டு அறுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எங்கள் மயிலை மாடு என் முழங்கையை நக்கும். உப்புத்தாள் தேய்த்த மாதிரி தோல் சிவந்துபோகும். எழுந்து போக மனசு வராது.

ஆனால் அந்த மயிலையால் நான் எட்டு வருஷமாகக் கொடைக்கானல்கூடப் போனதில்லை. வருஷா வருஷம் சினை பிடிக்க வேண்டும், காளைக்கன்று பிறந்தால் அதற்கு வழி யோசிக்க வேண்டும், கறவை வற்றிய பிறகும் பத்து வருஷம் உயிரோடு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி. இதற்கெல்லாம் தயார் என்றால் பாலுக்கு ஓடாமல் ஒரு கெடேரிக் கன்றாக (பெண் கன்றாக) வாங்குங்கள். கறவைக் கட்டாயம் இல்லாத இரண்டு வருஷத்தில் மாடும் உங்களுக்குப் பழகும், நீங்களும் மாட்டுக்குப் பழகுவீர்கள். பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாட்டுக்கென்றே சந்தை கூடுகிறது. சித்திரையில் கண்ணபுரம் தேர்த் தாவணி, அதுவும் மாட்டுச் சந்தைதான். வாங்காவிட்டாலும் போய் நின்று பார்க்க வேண்டிய இடம். பர்கூர் செம்மறை மாட்டையும் அவர் கேட்டார். சிவப்பில் வெள்ளைத் திட்டு, அழகுதான். அது மலைக்காட்டில் மேய்ந்து பழகிய மாடு, கொஞ்சம் முரடு. முதல் மாட்டுக்கு வேண்டாம்.

மீதியெல்லாம் சுருக்கம். பூனை நீங்கள் வளர்க்க வேண்டியதில்லை, தேங்காய் களத்துக்கு எலி வந்தால் அதுவே வரும். கின்னிக்கோழி நாலு விட்டால் பாம்பு நடமாடினால் கத்தித் தீர்க்கும், நடமாடாவிட்டாலும் கத்தும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மயில் தினமும் தானாகவே வந்து தக்காளியைக் கொத்தும், அதுவும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, விரட்டலாம், அவ்வளவுதான். அந்தியூர் குருநாதசாமி ஆடித் தேருக்குக் கூடுகிற குதிரைச் சந்தைக்குப் போய்விட்டுக் குதிரை ஆசையோடு திரும்பாதவர் இல்லை. மூன்று நாளில் தெளிந்துவிடும். வீடு தேடி வந்து 'இதை வளர்த்தால் மாதம் இவ்வளவு' என்கிற எதையும் வாங்க வேண்டாம். ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு 2012-ல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டவர்கள் பெருந்துறைப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள்.

எது வாங்கினாலும் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐச் சாளைக் கதவில் எழுதி வைக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சுண்ணாம்புச் சுவரில் கரியால் பெரிதாகவே எழுதிவிட்டார். தங்கச்சிக்கு அதில் வருத்தம்.

இப்போது ஐந்து பெட்டை, ஒரு சேவல், முள்வேலிக்குப் பதில் கம்பி வேலி, ஊர் நாய்க்குட்டி ஒன்று. ஆடு ஐப்பசி மழைக்கு அப்புறம், கொறங்காட்டுக்காரரோடு குத்தகை பேசி முடித்த பிறகு. மாடு அடுத்த தையில் பார்க்கலாம் என்று முடிவு. கட்டுத்தரைக்கு இன்னும் கல்கூட இறங்கவில்லை. போன ஞாயிறு போயிருந்தபோது தங்கச்சி பொண்ணு என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "மாமா, கன்னுக்குட்டிக்குப் பேரு வெச்சுட்டேன். அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."